வெயில் மாதங்களில் வேர் வேகாமல் பார்த்துக்கொள்வது

பினாங்கில் கோடை என்று பெயர் வைத்த பருவம் கிடையாது. ஆனாலும் பொங்கல் முடிந்த கையோடு தொடங்கி, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவர்களின் உள்ளங்காலைத் தார்ச்சாலை பொசுக்கும் நாள்கள் வழியாக, மார்ச் கடைசி வரை இழுக்கும் வறண்ட மாதங்களைச் செடி வளர்ப்பவர்கள் கோடைக் கணக்கில்தான் வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று தன் மழையைக் கிழக்குக் கரையிலுள்ள கிளந்தான், திரெங்கானு பக்கம் கொட்டிவிட்டு, நடுமலைத்தொடரைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது வறண்டுவிடுகிறது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு இடையிடையே மாலை மழையாவது கிடைக்கும். பினாங்கு, கெடா, பெர்லிசில் சில ஆண்டுகள் வாரக்கணக்கில் ஒரு துளி விழாது.

செடி வாடினால் எல்லாரும் முதலில் செய்வது தண்ணீரைக் கூட்டுவது. காலையில் ஒரு வாளி, மதியம் பார்க்கப் பாவமாக இருக்கிறதென்று ஒரு வாளி, மாலையில் இன்னொன்று. தரையில் வேர்விட்ட செடி இதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் நமக்குக் கிடைக்கும் தோட்டம் கார் நிறுத்துமிடத்தின் ஓரம்தான். செடிகள் எல்லாம் சிமெண்டுத் தரையில், பூச்சாடியிலும் பாலிபேக் என்ற பிளாஸ்டிக் பையிலும் நிற்கின்றன. காற்று 33 பாகை செல்சியஸ் இருக்கும்போது, நேர்வெயில் படும் கறுப்புப் பாலிபேக்கின் ஓரத்து மண் 40 பாகையைத் தாண்டிவிடும். பெரும்பாலான காய்கறிச் செடிகளின் வேர் 35 பாகைக்கு மேல் வேலையைக் குறைத்துக்கொள்ளும். 40ஐத் தாண்டி நீடித்தால் நுனிவேர்கள் செத்துப்போகும். நுனிவேர் போன செடி, மண் ஈரமாக இருக்கும்போதே வாடும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றினால், சூடும் ஈரமும் சேர்ந்து மிச்ச வேரையும் அழுகவைக்கும். முதலில் சாடியைக் குளிர்த்த வேண்டும். தண்ணீர்க் கணக்கு அதற்குப் பிறகு.

சாடியைத் தரையிலிருந்து தூக்குவதுதான் மலிவான வைத்தியம். இரண்டு செங்கல், அல்லது பழைய மரப்பலகைத் துண்டு. ஐந்து ஆறு சென்டிமீட்டர் இடைவெளி போதும். அடியில் காற்று ஓடும், வடிகால் துளையும் அடைபடாது. அடுத்தது சாடியின் பக்கச்சுவர். கறுப்புப் பாலிபேக்கின் மேல் வெள்ளை அரிசிச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் சாடி என்றால் வெளிப்புறம் வெள்ளை எமல்ஷன் பெயின்ட் ஒரு பூச்சு. இன்னும் நன்றாகச் செய்ய நினைத்தால், 10 அங்குலச் சாடியை 14 அங்குலச் சாடிக்குள் இறக்கி, நடுவிலுள்ள இடைவெளியைத் தேங்காய் மட்டை நாரால் நிரப்பலாம். வெயில் வெளிச்சாடியோடு நின்றுவிடும். தனித்தனியாக நிற்கும் சாடிகளை நெருக்கி வைத்தாலே ஒன்றுக்கொன்று நிழல் கிடைக்கும். பெரிய சாடிகள் மேற்கே, சின்னவை அவற்றின் மறைவில்.

மண்ணின் மேல் ஐந்து சென்டிமீட்டர் மூடாக்கு போடுங்கள். காய்ந்த இலை, தேங்காய் நார், விதை வராத லாலாங் புல் எதுவானாலும் சரி. தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட வேண்டும், இல்லையென்றால் அடித்தண்டு அழுகும். வெட்டிய பச்சைப் புல்லை அப்படியே கனமாகப் போட்டால் அது பாயாக ஒட்டிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. ஓரிரு நாள் காயவைத்துப் போடுங்கள்.

நிழல் எப்போது தேவை என்பதில் பலர் கடிகாரத்தை நம்பி ஏமாறுகிறார்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா அரை மணி நேரத்தை முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. அதுவும் சேர்ந்து, பினாங்கில் பிப்ரவரி மாத உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு வருகிறது. தமிழ்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து "பதினொன்று முதல் மூன்று வரை நிழல்" என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தவறிவிடும். இங்கே பன்னிரண்டு முதல் நாலரை வரை மறைப்பு வேண்டும். திசையும் முக்கியம். ஜனவரியில் உச்சிச் சூரியன் தலைக்குத் தெற்கே 25 பாகைக்கு மேல் சாய்ந்து போகும். ஜூனில் வடக்கே 18 பாகை. ஒரே வீட்டின் வடக்குப் பார்த்த முன்புறம் ஜனவரியில் கூரை நிழலில் இருக்கும், ஜூனில் வெயிலில் காயும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாடிகளை இடம் மாற்றுவது வெறும் பொழுதுபோக்கு இல்லை.

நிழல்வலையை ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். கீரைக்கும் புதினாவுக்கும் வெயிலில் 50 விழுக்காட்டைத் தடுக்கும் வலை. நாற்றுக்கு 70. மிளகாய், கத்தரி, வெண்டைக்கு வலையே வேண்டாம், சாடி குளிர்ந்திருந்தால் போதும். 70 விழுக்காடு வலையின் கீழே மிளகாயை வைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று உரம் வாங்க ஓடுபவர்கள் ஏராளம். வலை செடிமேல் படக்கூடாது. இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். மேற்குப் பார்த்த வீட்டுக்குக் கூரைபோல் விரிப்பதைவிடத் திரைபோல் தொங்கவிடுவதுதான் பலன் தரும்.

இனி தண்ணீர். பிப்ரவரியில் இங்கே சூரியன் எழுவதே ஏழரை மணிக்கு. ஏழிலிருந்து எட்டரைக்குள் ஊற்றி முடித்துவிடுங்கள். 10 முதல் 12 அங்குலச் சாடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர், காய்த்து நிற்கும் கத்தரிக்கு இரண்டு லிட்டர். ஒரே மூச்சில் கொட்டாமல் பாதியை ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து மீதியை ஊற்றினால் மண் குடிக்கும். அடித்துளையில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்போது நிறுத்தலாம். மாலையில் இரண்டாம் முறை ஊற்ற வேண்டுமா என்பதை விரல் சொல்லும்: இரண்டாம் கணு வரை மண்ணில் நுழைத்துப் பார்த்து, அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைத் திறந்ததும் செடிக்கு நேரே பிடிக்காதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். அதை வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

அடித்துளையில் தண்ணீர் உடனே ஒழுகுகிறது, ஆனால் செடி மாலையில் வாடுகிறது என்றால், மண் தண்ணீரைக் குடிக்கவே இல்லை என்று பொருள். கோக்கோபீட் என்ற தேங்காய் நார்த்தூள் அதிகம் கலந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஒட்டவிடாது. சாடிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் விழும் இடுக்கு வழியே எல்லாம் ஓடிவிடும், உள்ளே வேரைச் சுற்றிய மண் தூசியாகக் கிடக்கும். சாடியைத் தூக்கிப் பார்த்தால் எடையே இருக்காது. அகலமான பேசினில் தண்ணீர் நிரப்பி, சாடியை அரை மணி நேரம் அதில் உட்காரவைத்து, குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். புதிதாக மண் கலக்கும்போது இங்கே வழக்கமான 3:2:1 கணக்கே நன்றாக வேலை செய்யும்: மேல்மண் மூன்று பங்கு, மக்கிய உரம் இரண்டு, மணல் ஒன்று. கோக்கோபீட் சேர்ப்பதானால் உரப் பங்கில் பாதிக்கு மேல் வேண்டாம். கட்டியாக விற்பதை ஊறவைத்து, பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசிய பிறகே போடுங்கள். உப்பு நிறைய இருக்கும்.

வறட்சி நீண்டால் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளின் நீர்மட்டம் இறங்குகிற செய்தி வரும். அந்த நேரத்தில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடக் கூச்சமாக இருக்கும் அல்லவா? ஏர்கோண்ட் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இல்லை, தாராளமாக ஊற்றலாம். இரவெல்லாம் ஓடும் அறையில் காலைக்குள் ஒரு வாளி தேறும். அரிசி கழுவிய தண்ணீர் நல்லது, அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும், தினமும் ஒரே சாடிக்கு ஊற்றினால் சின்ன ஈக்கள் மொய்க்கும். மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினால் அக்கம்பக்கத்துப் பூனைகள் எல்லாம் மண்ணைத் தோண்டும். சேமிக்கும் எந்த வாளிக்கும் மூடி கட்டாயம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ், முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். வறண்ட மாதத்தில் அதற்கு நம் சாடித் தட்டுகளைவிட வசதியான இடம் இல்லை. தட்டையே எடுத்துவிடுவது உத்தமம். எடுக்க முடியாத இடத்தில் மணலால் நிரப்புங்கள். மூட முடியாத பெரிய தொட்டிக்கு ஏபேட் மருந்து, பத்து லிட்டருக்கு ஒரு கிராம். 1975ஆம் ஆண்டு நோய்ப்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ், வீட்டில் ஏடிஸ் புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் வரும். டிங்கி வந்தால் அபராதத்தைவிடப் பெரிய செலவு.

வாடும் செடியைப் பார்த்துப் பதறுவதற்கு முன் மணியைப் பாருங்கள். பிற்பகல் இரண்டரைக்குக் கத்தரியும் பூசணியும் இலையைத் தொங்கப்போடுவது இயல்பு. வேர் ஏற்றுவதைவிட வேகமாக இலை தண்ணீரை இழக்கிறது, அவ்வளவுதான். ஏழு மணிக்குள் தானாக நிமிர்ந்துவிடும். காலை எட்டு மணிக்கே வாடியிருந்தால்தான் சிக்கல். மண்ணும் ஈரம், இலையும் பச்சை, ஆனால் செடி மொத்தமாகத் தலைசாய்ந்திருக்கிறது என்றால் பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீரில் நுனி படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெள்ளை இழை இறங்கினால் சந்தேகமே வேண்டாம். மருந்து கிடையாது. செடியை மண்ணோடு கட்டிக் குப்பையில் போட்டு, சாடியைக் குளோரக்ஸ் வெளுப்பான் கலந்த தண்ணீரில் கழுவி, கத்தியையும் துடைத்துவிடுங்கள். அந்த மண்ணை உரக்குழியில் சேர்க்க வேண்டாம். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றுக்கு வந்தது மற்றதற்கும் வரும். கத்தரிக்கு இந்த நோய் அடிக்கடி வருகிற இடங்களில் சுண்டைக்காய் நாற்றின் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டி வளர்ப்பார்கள், சுண்டை வேர் இந்த நோயை நன்றாகத் தாங்கும். சுண்டை மெதுவாக வளர்வதால் அதைக் கத்தரிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே விதைக்க வேண்டும்.

பூச்சிகளில் வெயில் காலத்துக்கென்றே வருபவை செஞ்சிலந்தியும் இலைப்பேனும் மாவுப்பூச்சியும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டு படகுபோல் ஆனால் இலைப்பேன். ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, குருத்து சிறுத்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திவகை. இரண்டுக்கும் ஒரே பூச்சிமருந்தை அடித்துவிட்டுப் பலனில்லை என்பார்கள். பூச்சிமருந்து பல சமயம் சிலந்தியைக் கொல்லாது, அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைத்தான் கொல்லும். காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது பாதி வேலையை முடித்துவிடும். மீதிக்கு வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி எண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மில்லி. திரவத்தை எண்ணெயோடு முதலில் குழைத்துவிட்டுத் தண்ணீரைச் சேருங்கள், இல்லையென்றால் எண்ணெய் மிதக்கும். மாலை ஏழு மணிக்குப் பிறகு அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. மாவுப்பூச்சிக்கு முன்னால் எறும்பை விரட்ட வேண்டும், அவைதான் அதைச் செடிக்குச் செடி சுமந்து போகின்றன.

எதை நடுவது என்பதில் பிடிவாதம் வேண்டாம். பெரிய தக்காளி கேமரன் மலைச் சரக்கு. இங்கே இரவிலும் வெப்பம் அதிகம் இறங்காததால் பூ உதிரும். செர்ரி தக்காளி மட்டும் ஓரளவு பிடிக்கும். கொத்தமல்லி சீக்கிரமே பூத்துவிடும். அதற்குப் பதிலாகக் கெத்தும்பார் ஜாவா என்ற கொத்தமல்லி வாசமுள்ள நீள இலைச் செடியை வைத்தால் அரைநிழலில் ஆண்டு முழுதும் பறிக்கலாம், ரசத்தில் வாசம் குறையாது. வெயிலை விரும்பி வளர்பவை வெண்டை, பயற்றங்காய், கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை. வெண்டை விதையை இரவு ஊறவைத்து நேரடியாகச் சாடியில் ஊன்றுங்கள், நாற்று மாற்றினால் ஆணிவேர் கோணும். ஏழெட்டு வாரத்தில் முதல் காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் நார் ஏறும். கங்கோங் என்ற வள்ளைக்கீரையும் மற்ற கீரையும் விதைத்து நான்கு வாரத்தில் அறுவடை. வாரம் ஒரு சாடி என்று நான்கு சாடியில் விதைத்துவிட்டால் சந்தைக் கீரையை மறக்கலாம்.

கறிவேப்பிலையைப் பற்றிச் சொல்லாமல் தமிழ் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுத முடியாது. அது வெயில் செடி, தண்ணீர்ச் செடி கிடையாது. மேல்மண் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். தினமும் ஊற்றினால் இலை மஞ்சளாகும். ஒரே குச்சியாக உயரம் போகிற செடியை இடுப்பளவில் தைரியமாக வெட்டுங்கள், பக்கக் கிளை வரும். இலையை உருவாமல் காம்போடு ஒடிக்க வேண்டும். பூ வந்தால் கிள்ளிவிடுங்கள். புளித்த மோர் ஊற்றினால் செழிக்கும் என்பது எல்லா அம்மாக்களும் சொல்வது. பத்துக்கு ஒன்று கலந்து மாதம் ஒருமுறை ஊற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் தழைச்சத்து வேலையை ஆட்டுப்புழுக்கையும் கோழி எருவும்தான் செய்யும். இன்னொன்று: கறிவேப்பிலையை லிமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எலுமிச்சை இனத்துக்கு மஞ்சள் நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சி கறிவேப்பிலைக் குருத்தில்தான் கூட்டமாகப் பெருகும். கறிவேப்பிலை தப்பித்துக்கொள்ளும், லிமாவ் மாட்டிக்கொள்ளும். குருத்தில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது உண்மையில் வண்ணத்துப்பூச்சிப் புழு. கையால் எடுத்துவிடலாம், பெரிய மரமானால் விட்டும்விடலாம்.

இந்த மாதங்களின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். காகிதப்பூவுக்கு இதுதான் காலம்: இலை லேசாகத் துவளும்வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு ஊற்ற ஆரம்பித்தால் இலையைவிடப் பூ அதிகமாக வரும். சாலையோரத் தெகோமா மரங்கள் பினாங்கெங்கும் இளஞ்சிவப்பாகக் கொட்டுவதும் இதே வறட்சிக்குப் பின்தான். மல்லிகையும் அப்படியே. ஜனவரி நடுவில் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்து, ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து, பின் எரு வைத்து ஊற்றினால் ஒரு மாதத்தில் மொட்டு கட்டும். முழுவெயில் இல்லாத மல்லிகை இலைதான் தரும். சாடியில் மஞ்சளும் இஞ்சியும் வைத்திருந்தால் இலை பழுத்துச் சாயும்; அது நோயில்லை, தண்ணீரை நிறுத்தி, இலை முழுதும் காய்ந்ததும் தோண்டுங்கள். விதை எடுப்பதற்கும் இதைவிட நல்ல நேரம் கிடையாது. மோர்மிளகாய்க்கும்தான்: கால் கிலோ மிளகாயைக் கீறி, இரண்டு குவளை புளித்த மோரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டு இரவு ஊறவைத்து, பகலில் மோரைவிட்டு எடுத்துக் காயவைத்து, மாலையில் மறுபடி அதே மோரில் போடுங்கள். மூன்று நாளில் மோர் வற்றும். பிறகு சலசலவென்று சத்தம் வரும்வரை வெறுமனே காயட்டும். மழை மாதத்தில் இதைச் செய்தால் பூஞ்சைதான் மிஞ்சும்.

உரத்தைப் பாதியாகக் குறையுங்கள். 12 அங்குலச் சாடிக்கு 15:15:15 கலப்பு உரம் ஒரு தேக்கரண்டி என்பது வழக்கமென்றால், வறண்ட மாதத்தில் அரைத் தேக்கரண்டி, அதுவும் மண்ணை நனைத்த பிறகு. காய்ந்த மண்ணில் போட்ட உப்பு உரம் வேரிலிருந்தே தண்ணீரை இழுக்கும், இலையோரம் பழுப்பாகக் கருகுவது அதனால்தான். மண்மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் சாடியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள்.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு மூன்று நாள் வெளியூர் போவதானால் செடிகளை எல்லாம் நிழலில் நெருக்கி வைத்து, மூடிய வாளியிலிருந்து பருத்திக் கயிற்றை ஒவ்வொரு சாடி மண்ணிலும் நாலு விரல் ஆழம் புதைத்துவிடுங்கள். கயிற்றை முன்கூட்டியே நனைக்க வேண்டும், வாளி சாடியைவிட உயரமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுப்பதே வழி.

மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ முதல் இடிமழை இறங்கும்போது வேலை தலைகீழாகும். அதற்குள் ஒரு ஸ்குரூடிரைவரால் வடிகால் துளைகளைக் குத்தித் திறந்துவிட்டிருக்க வேண்டும்; காய்ந்த மாதங்களில் வேரும் மண்ணும் சேர்ந்து அடைத்திருக்கும். மூடாக்கைப் பாதியாகக் குறையுங்கள். முதல் மழை இரவிலேயே ஆப்பிரிக்க நத்தைகள் கிளம்பும், அவற்றைக் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். அவற்றின் சளி பட்ட கீரையை நன்றாகக் கழுவாமல் பச்சையாகச் சாப்பிடக்கூடாது. உரத்தை முழு அளவுக்குக் கொண்டுவர இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். நிழல்வலையைக் கழற்றவும் அவசரம் வேண்டாம், பினாங்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதே ஏப்ரல் முதல் வாரத்தில்தான். ஆனால் மழைக்கு முன்னால் அடிக்கும் காற்று வலையைப் பிய்த்துக் கம்பத்தோடு இழுத்துப் போகும். நாலு மூலையில் இரண்டை உருவு முடிச்சாகப் போட்டு வைத்தால், வானம் கறுத்ததும் ஒரு இழுப்பில் அவிழ்த்துவிடலாம்.